பேர் சொல்லும் படகுகள்

ஓசூரில் நின்றுகொண்டு படகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். "என்ன ஸார், மலை மேலே மீன் பிடிக்க வந்தீரோ?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் லாரி. ஷிப்டு மாறுகிற நேரத்தில் வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்கள். கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கு 300 கிலோமீட்டர் போக வேண்டும். அலை ஓசைக்குப் பதில் இங்கே யந்திரங்களின் ஓசைதான்.

ஆனாலும், நேயர்களே, படகுகளின் பெயர்களை ஆராய ஓசூரைப் போல வசதியான இடம் வேறு இல்லை என்று நான் சொல்லுவேன். காரணம் என்ன தெரியுமா? இந்த ஊரில் ஒரு தெருவுக்குள் மூன்று பாஷைகள் குடித்தனம் செய்கின்றன. அம்மா தமிழில் கூப்பிட, எதிர்வீட்டு அம்மாள் தெலுங்கில் பதில் சொல்ல, கறிகாய்க்காரர் கன்னடத்தில் விலை சொல்லுவார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் போவதில்லை. அந்த மூன்று பாஷைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சில பழைய பெயர்களின் முடிச்சு அவிழ்கிறது.

எதிர்வீட்டுக் குழந்தை கன்னடப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வார்த்தை வருகிறது: 'ஹாயிதோணி'. தோணி என்பது உங்களுக்கு உடனே விளங்கிவிடும். அது என்ன 'ஹாயி'? ஹாயாகப் போகிற தோணியா? அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் அதுவல்ல.

ஊர்ப் பெயரே திறவுகோல்

கன்னடத்தில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. தமிழில் 'ப' என்று தொடங்கும் எத்தனையோ சொற்கள் அங்கே போனதும் 'ஹ' என்று ஆகிவிடும். நம்முடைய பால் அவர்களுக்கு ஹாலு. நம்முடைய புலி அவர்களுக்கு ஹுலி. பூ, ஹூவு. பத்து, ஹத்து. பள்ளி என்று முடிகிற நம் ஊர்களைப் போல அங்கே ஹள்ளி என்று முடிகிற ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆதியில் கன்னடத்திலும் இவையெல்லாம் 'ப' என்றேதான் இருந்தன. 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பம்ப மகாகவியின் கன்னடத்தில் அந்தப் பழைய 'ப'வைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னடக்காரர்களின் நாக்கு 'ப'வை விட்டு 'ஹ'வைப் பிடித்துக்கொண்டது.

இதற்கு உதாரணம் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஓசூர் என்ற பெயரே போதும். 'ஹொஸ' என்றால் கன்னடத்தில் புதிய. ஹொஸ ஊர், ஹொசூர், ஓசூர். 'ஹொஸ' என்பது பழைய கன்னடத்தில் 'பொஸ'. அதுவும் நம்முடைய 'புது'வும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே தமிழில் சொன்னால் ஓசூர் என்பது புத்தூர்! தமிழ்நாட்டில் எத்தனை புத்தூர்கள் இருக்கின்றனவோ, அத்தனைக்கும் ஓசூர் உடன்பிறப்பு.

இந்தத் திறவுகோலை வைத்துக்கொண்டு இப்போது ஹாயிதோணியைத் திறந்து பாருங்கள். 'ஹ'வை எடுத்துவிட்டு 'ப'வைப் போடுங்கள். ஹாயி, பாயி, பாய். ஹாயிதோணி என்பது பாய்த்தோணி! பாய் விரித்து ஓடுகிற தோணி.

சரி, பாய் என்று நாம் ஏன் சொல்கிறோம்? படுத்துக்கொள்வதும் பாய்தான், கப்பலில் காற்றைப் பிடிப்பதும் பாய்தான். இதை ஒரு தற்செயல் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது வீட்டுத் தெலுங்கு அம்மாளைக் கேளுங்கள். கப்பற்பாய்க்குத் தெலுங்கில் 'தெரசாப' என்று பெயர். 'சாப' என்றால் என்ன? சாட்சாத் படுக்கிற பாய்! திரையாகத் தொங்கவிட்ட பாய் என்று அர்த்தம். பருத்தித் துணியைப் பாய்மரத்தில் ஏற்றுவதற்கு முன்னால் கோரையையும் ஓலையையும் முடைந்து ஏற்றின காலம் ஒன்று உலகத்தில் பல கடற்கரைகளில் இருந்தது. துணி வந்த பிறகும் பெயர் மாறவில்லை. தாத்தாவின் பெயரைப் பேரன் சுமப்பதுபோல் இன்றைக்கும் துணி அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

படகுக்கு உத்தியோக உயர்வு

இன்னொரு பெயரைப் பாருங்கள். படகு. இதற்கும் அதே வைத்தியத்தைச் செய்தால் 'ஹடகு' என்று வர வேண்டும். அப்படி ஒரு சொல் கன்னடத்தில் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் ஹடகு என்றால் படகு அல்ல; கப்பல்! பெரிய சரக்குக் கப்பலையும் போர்க்கப்பலையும் கன்னடப் பத்திரிகைகள் ஹடகு என்றுதான் எழுதுகின்றன. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியவுடன் நம்முடைய ஏழைப் படகுக்கு உத்தியோக உயர்வு கிடைத்துவிடுகிறது. தெலுங்கில் 'படவ' என்பார்கள். அங்கே அது நம் வீட்டில் இருந்ததுபோலவே சாதாரணப் படகாகத்தான் இருக்கிறது.

வேறொரு சொல்லின் கதை கொஞ்சம் வருத்தமானது. இன்று "அம்பி!" என்று கூப்பிட்டால் வீட்டுப் பையன் ஓடி வருவான். ஒரு காலத்தில் அம்பி என்றால் படகு. கம்பர் குகனுடைய ஓடங்களை அம்பி என்றே சொல்கிறார். நிகண்டுகளில் ஓடம், தோணி, பஃறி, திமில், புணை, நாவாய், வங்கம் என்று நீளும் படகுப் பெயர்களின் வரிசையிலே அம்பியும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பேச்சிலிருந்து அது எப்போதோ போய்விட்டது. நாம் தொலைத்ததைக் கன்னடக்காரர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அங்கே படகோட்டிக்கு 'அம்பிக' என்று பெயர். 12-ஆம் நூற்றாண்டில் பசவண்ணரின் காலத்தில் வசனங்கள் பாடிய ஒரு பெரியவர் ஜாதியால் படகோட்டி. அவரை இன்றும் 'அம்பிகர சௌடய்யா' என்றே கொண்டாடுகிறார்கள். நம்முடைய வீட்டுப் பாத்திரம் ஒன்று அடுத்த வீட்டில் இருப்பது தெரியவந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது இது. திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. அங்கே இருக்கிறது என்பதே ஒரு திருப்திதான்.

புகையும் கல்லில் ஒரு கூடை

பெயரை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் போதுமா? ஒரு படகையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா? வாருங்கள், ஒகேனக்கல்லுக்குப் போவோம். தர்மபுரி ஜில்லாவில் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு வரையில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதே ஜில்லாவில்தான் இருந்தன. போகிற வழியில் அந்தப் பெயரையும் அவிழ்த்துவிடுவோம். 'ஹொகெ' என்றால் புகை. (பார்த்தீர்களா, மறுபடியும் அதே 'ப'வும் 'ஹ'வும்!) புகைகின்ற கல் ஒகேனக்கல். காவிரி பாறையில் மோதித் தூளாகிப் புகை மாதிரி மேலே எழும்புவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். இதைவிட நல்ல பெயரை ஒரு கவிராயரும் வைத்திருக்க முடியாது.

அங்கே ஆற்றின் இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகம். நடுவிலே சுற்றிக்கொண்டிருப்பது பரிசல். பாயும் இல்லை, பாய்மரமும் இல்லை, முன்பக்கம் பின்பக்கம் என்பதும் இல்லை. மூங்கிலைப் பிளந்து, பெரிய தட்டுக்கூடை மாதிரி வட்டமாக முடைந்து, அடியிலே தோலைப் போர்த்திய கலம். ஆள் நடுவிலே உட்கார்ந்தால் ஆடாது. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு துடுப்பு. அதைத் தண்ணீரில் ஒரு தினுசாகத் திருப்பினால் பரிசல் நேரே போகும். வேறு தினுசாகத் திருப்பினால் பம்பரமாகச் சுற்றும். சுற்றும்போது குழந்தைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் ஓட்டி அதைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்துவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய ஆமை இரண்டு காலால் நடந்து போவதுபோலத் தோன்றும்.

பரிசலைக் கன்னடத்தில் 'ஹரிகோலு' என்பார்கள். ஹரி என்றதும் கைகூப்ப வேண்டாம். இது விஷ்ணு அல்ல. நம்முடைய பரிசலில் உள்ள 'பரி'தான் அங்கே 'ஹரி' ஆகியிருக்கிறது.

இந்தக் கூடைப்படகு நேற்று முளைத்ததல்ல. சுமார் 1520-ஆம் ஆண்டில் விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பாயஸ் என்ற போர்ச்சுகீசியர், துங்கபத்திரையை ஜனங்கள் கூடைபோல வட்டமான படகில் கடப்பதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்: உள்ளே பிரம்பு, வெளியே தோல், ஏறக்கூடியவர்கள் பதினைந்து இருபது பேர்! 1803-ல் மராத்தியர்களோடு நடந்த யுத்தத்தில் ஆர்தர் வெல்லெஸ்லி தக்காணத்து ஆறுகளைக் கடக்கக் கூடைப்படகுகளைக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டார். பிற்பாடு வாட்டர்லூவில் நெப்போலியனை ஜயித்த வெல்லிங்டன் பிரபு அவர்தான்.

நம் நாட்டில் மட்டும் என்று பெருமைப்பட்டுக்கொள்ளவும் முடியாது. 2,400 ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்க தேசத்து ஹெரொடோட்டஸ், பாபிலோனுக்கு வருகிற வட்டத் தோல்படகுகளைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்கிறார். ஆறு வேகமாக ஓடுவதால் படகு கீழ்நோக்கித்தான் வருமாம், மேலே ஏறாதாம். ஆகையால் வியாபாரி படகிலே சரக்கோடு ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு வருவான். சரக்கை விற்பான், படகின் சட்டத்தையும் விற்பான், தோலை மட்டும் மடித்துக் கழுதைமேல் போட்டுக்கொண்டு தரை வழியாக ஊர் போய்ச் சேருவான். போகும்போது கழுதை படகைச் சுமக்கிறது. வரும்போது படகு கழுதையைச் சுமக்கிறது. கணக்குத் தீர்ந்தது! ஈராக்கில் சென்ற நூற்றாண்டு வரையில் ஓடிய அந்த வட்டப்படகுக்கு 'குஃபா' என்று பெயர். குஃபா என்றால் அரபியில் கூடை.

அதாவது, பெரியவர்கள் வைத்த படகுப் பெயர்களில் பகட்டு இல்லை. கையால் எதைச் செய்தார்களோ, அதையே பெயராக வைத்தார்கள். சீனாவில் 'சம்பான்' என்று ஒரு சிறு படகு உண்டு. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மூன்று பலகை. எத்தனை பலகையால் செய்தாய்? மூன்று. பெயர் என்ன? மூன்று பலகை! அவ்வளவுதான் சமாசாரம்.

ஆற்றோடு கடலுக்கு

ஓசூரில் கடல் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். கடல் இல்லாவிட்டாலும் கடலுக்குப் போகிற வழி ஒன்று இருக்கிறது. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் தங்கி, கிருஷ்ணகிரி அணையில் இளைப்பாறி, சாத்தனூரையும் தாண்டிக் கடலூரில் போய்ச் சமுத்திரத்தில் கலக்கிறாள் தென்பெண்ணை. மேலே நகரத்துக் கழிவு கலந்து வருவதால் கெலவரப்பள்ளியில் சில நாட்களில் மலைமலையாக வெள்ளை நுரை பொங்குகிறது. அது பாலாற்று நுரையல்ல, சோப்பு நுரை. அதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாவது, மனத்தால் அந்த ஆற்றோடு கீழே இறங்கி வாருங்கள். கடலூரிலிருந்து வடக்கே சென்னை வரையிலும், தெற்கே நாகப்பட்டினம் வரையிலும் மணல் கரையில் ஒரு காலத்தில் வரிசை வரிசையாகக் கிடந்தது எது? கட்டுமரம்.

இந்தப் பெயருக்கு நிகண்டும் வேண்டாம், அகராதியும் வேண்டாம். கட்டிய மரம் கட்டுமரம். மிதக்கக்கூடிய லேசான மரங்களை மலைநாட்டிலிருந்து வரவழைத்து, செதுக்கி, மூன்றோ ஐந்தோ ஏழோ பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்துவிடும் என்ற பயம் கிடையாது. ஏனென்றால் அது முழுக்க ஓட்டைதான்! மேலே அலை ஏறினால் கீழே வழிந்துவிடும். கவிழ்ந்தாலும் முழுகாது, புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். முக்கோணமான பாயை விரித்தால் கரையிலிருந்து பார்க்கும்போது ஒரு வெள்ளைச் சிறகு தண்ணீரிலே வழுக்கிப் போவதுபோல் இருக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலிலே காயப்போடுவார்கள். மறுநாள் மறுபடியும் கட்டுவார்கள். தினமும் காலையில் பிறந்து மாலையில் கலைகிற கலம் உலகத்திலே இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

மீனவர்கள் அதைக் கட்டுமரம் என்றுகூடச் சொல்லுவதில்லை. வெறும் 'மரம்' என்பார்கள். "மரம் தள்ளிட்டாங்களா?" என்றால் கடலுக்குப் போய்விட்டார்களா என்று அர்த்தம். கோலா மீன் பிடிக்கப் போகிற பெரிய மரத்துக்குக் கோலாமரம் என்று பெயர். அந்தக் கோலா மீன் தண்ணீரைவிட்டு எழும்பிப் பறக்கிற மீன். அதைத் துரத்துவதற்குத் தனி மரம்.

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். இடையிலே ஆளைத் தூக்கி அடிக்கும் அலை. வெள்ளைக்காரத் துரைகளையும் துரைசானிகளையும் கரைக்குக் கொண்டு வந்தது மசூலாப் படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றாலே தைத்த படகு அது. அலை மோதும்போது ஆணி அடித்த படகு உடையும்; தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆனால் அந்தப் படகும் போக முடியாத கொந்தளிப்பு நாட்களில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனது யார்? கட்டுமரக்காரர்தான். பாயால் முடைந்த கூம்பு மாதிரித் தொப்பி ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு, அதற்குள்ளே கடிதத்தை வைத்துக்கொண்டு புறப்படுவார். அலை அவரைத் தள்ளும். மறுபடி நீந்தி மரத்தில் ஏறுவார். ஆள் நனைந்தாலும் கடிதம் நனையாது.

உலகம் சுற்றிய பெயர்

1583-ஆம் ஆண்டில் காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகரத்து ரத்தின வியாபாரி மயிலாப்பூர் சாந்தோம் கரைக்கு வந்தார். ஏழு மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு வினோதத்தைப் பார்த்தார். பெயர் என்ன என்று கேட்டார். சொன்னார்கள். அவர் காதில் விழுந்ததை அவர் எழுதிக்கொண்டார்: 'காத்தமெரோனி'! சுமார் 100 ஆண்டுகளுக்குப் பிறகு, 1690-ல் சென்னைக் கோட்டைக்கு வந்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பிரயாணப் புஸ்தகத்தில் சோழமண்டலக் கரையின் இந்தப் படகை 'காட்டமரான்' என்று எழுதினார். சுருட்டு 'செரூட்' ஆனதுபோல, மிளகுத் தண்ணீர் 'முல்லிகட்டானி' ஆனதுபோலக் கட்டுமரமும் சீமைக்குக் கப்பலேறிவிட்டது.

அங்கே போய் அது பட்ட பாட்டைக் கேளுங்கள். 1804-ல் நெப்போலியன் இங்கிலாந்தின்மேல் படையெடுக்கப் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவற்றை வெடிவைத்துத் தகர்க்க ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் வெடிமருந்து நிரப்பிய மிதவைகளைச் செய்துகொடுத்தார். அவற்றுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் காட்டமரான்! மீன் பிடித்த பெயர் வெடிகுண்டாயிற்று. அதோடு விட்டார்களா? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆங்கிலப் பேச்சு வழக்கில் வாயாடியான சண்டைக்காரப் பெண்பிள்ளைக்கும் 'காட்டமரான்' என்று பட்டம் சூட்டினார்கள். நாம் இங்கே 'அடங்காப்பிடாரி' என்கிறோமே, அதுதான். நம்முடைய சாதுவான கட்டுமரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பூனையின் ஆங்கிலப் பெயர் அந்தச் சொல்லின் தலையில் இருப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

கடைசியாக 1876-ல் அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் என்ற படகு நிபுணர் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் விட்டார். மற்றப் படகுகளையெல்லாம் அது அநாயாசமாகத் தாண்டிப் போயிற்று. தோற்றவர்கள் ஆட்சேபம் கிளப்பினார்கள். அந்த மாதிரிப் படகே பந்தயத்துக்கு லாயக்கில்லை என்று தள்ளிவிட்டார்கள்! ஆனால் காட்டமரான் என்ற பெயர் அந்த இரட்டைப் படகோடு ஒட்டிக்கொண்டது. இன்று உலகத்தில் எந்த ஊரில் காட்டமரான் என்றாலும், இரண்டு உடல்களுக்குமேல் தளம் போட்ட படகுதான். கோடீசுவரர்கள் அதிலே உல்லாசப் பிரயாணம் போகிறார்கள். அதிலே கட்டும் இல்லை, மரமும் இல்லை!

பெயர்க் கதைகளில் ஓர் எச்சரிக்கை

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பெயரும் கட்டுமரம்போல நேர்மையாக இராது. மசூலாப் படகுக்கு அந்தப் பெயர் மசூலிப்பட்டினத்தால் வந்தது என்பார் ஒருவர், மறுப்பார் இன்னொருவர். தோணி என்பது மரத்தைத் தோண்டிச் செய்ததால் வந்தது என்று கேட்டிருப்பீர்கள். கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் அழகாயிருப்பதெல்லாம் நிஜமாகிவிடுமா? அமெரிக்காவில் கிளாஸ்டர் என்ற துறைமுகத்தில் 1713-ல் ஒரு புதுப் படகைத் தண்ணீரில் தள்ளினார்களாம். அது வழுக்கிப் போன அழகைப் பார்த்துக் கூட்டத்தில் ஒருவர் 'ஸ்கூன்' என்று ஏதோ சொல்ல, "அதுவே இதன் பெயராக இருக்கட்டும்" என்றாராம் கட்டியவர். 'ஸ்கூனர்' பிறந்ததாம்! அந்த ஊர்க்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் தலையை ஆட்டுகிறார்கள்.

அந்தக் கிளாஸ்டர் துறைமுகத்துக்கு நமக்கும் ஓர் உறவு உண்டு. 1938-ல் அங்கே போய் நங்கூரம் போட்ட ஒரு பாய்க்கப்பலைப் பார்க்க ஊரே திரண்டது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்க் கைவினைஞர்கள் கட்டிய கப்பல் அது. ஓட்டிப்போனவர்களும் வல்வெட்டித்துறை மாலுமிகள். அதன் பெயர் 'அன்னபூரணி'. ஆனால் கிளாஸ்டர்க்காரர்கள் அந்தப் பெயரை அதன் உடம்பில் பார்த்திருக்க மாட்டார்கள். அதை விலைக்கு வாங்கிய ராபின்சன் என்ற அமெரிக்கர் தம் மனைவியின் பெயரை வைத்து 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றிவிட்டார். புகுந்த வீட்டில் பெண்ணின் பெயரை மாற்றுகிற வழக்கம் சில குடும்பங்களில் உண்டல்லவா? அப்படித்தான். ஆனால் வல்வெட்டித்துறையில் கேட்டுப் பாருங்கள்; அது இன்றைக்கும் அன்னபூரணிதான்.

பெயர் இருக்கிறது, பொருள் எங்கே?

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது. நம் கரையில் உயிர்களோடு ஆயிரக்கணக்கான கட்டுமரங்களும் போயின. நிவாரணமாகக் கரைக்கு வந்தவை பெரும்பாலும் கண்ணாடி நாரால் வார்த்த 'ஃபைபர்' படகுகள். அதற்கு முன்பே தொடங்கிய மாற்றந்தான்; சுனாமி அதை ஒரே பாய்ச்சலில் முடித்துவைத்தது. ஃபைபர் படகு வேகமாகப் போகிறது, எஞ்சின் இழுக்கிறது, பாய் தேவையில்லை. மீனவரை அதற்காகக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நனைந்த மரத்தைத் தோளில் சுமந்தவர் அவர். கரையில் நின்று அழகு பார்த்தவர்கள் நாம். ஆனாலும் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஃபைபரில் வார்த்த சின்னப் படகையும் சில ஊர்களில் கட்டுமரம் என்றே சொல்கிறார்கள். அமெரிக்கக் கோடீசுவரருடைய காட்டமரானைப் போலவே அதிலும் கட்டு இல்லை, மரமும் இல்லை.

தூத்துக்குடித் தோணியின் கதையும் ஏறக்குறைய இதேதான். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெறும் காற்றை நம்பிப் போய்வந்த அந்த மரக்கலங்களில் பிற்பாடு எஞ்சின் ஏறியது, பாய் இறங்கியது. மாலத்தீவில் இன்றும் படகுக்கு 'தோனி' என்றே பெயர். அங்கேயும் எஞ்சின்தான்.

ஒகேனக்கல் பரிசலுக்கும் மாட்டுத் தோல் போய்விட்டது. பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். ஆனால் மூங்கில் மூங்கிலாகவே இருக்கிறது, முடைகிற கையும் இருக்கிறது. அதனால் அந்தப் பெயர் இன்னும் பொய்யாகவில்லை. ஓட்டுகிறவர்களின் பாடுதான் சுலபமானதல்ல. காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை. தண்ணீர் வற்றினாலும் பரிசல் ஓடாது. அதிகமாக வந்தாலும் கஷ்டம், குறைவாக வந்தாலும் கஷ்டம். இரண்டுக்கும் நடுவிலே கிடைக்கிற நாட்களில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும்.

அந்தக் காவிரித் தண்ணீருக்காக இரண்டு ராஜ்யங்களும் கோர்ட்டு ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச இது இடமல்ல. ஆனால் ஒன்று சொல்லலாம். தண்ணீரைப் பங்கு போடுவதில்தான் வழக்கு. அதன்மேல் மிதக்கிற சொற்களை நம்முடைய பாட்டன்மார்கள் எப்போதோ பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். பாய் அங்கே ஹாயி, படகு அங்கே ஹடகு, பரிசல் அங்கே ஹரிகோலு. நாம் தொலைத்த அம்பி அங்கே இருக்கிறது. எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஓசூரிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ குழந்தைகளை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போவீர்கள். பரிசலில் ஏறுங்கள், பாதுகாப்புச் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். நடு ஆற்றில் போகும்போது ஓட்டுகிறவரிடம், "அந்தக் கரையிலே இதை என்னவென்று சொல்லுவார்கள், அண்ணே?" என்று குழந்தையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர் துடுப்பை நிறுத்தாமலே சொல்லுவார். அந்த ஒரு சொல்லைக் குழந்தை வீட்டுக்குக் கொண்டு வரட்டும். கட்டுமரம் விஷயத்தில் நாம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பொருளைத் தவறவிட்டோம். பரிசல் விஷயத்தில் இரண்டும் இன்னும் நம் கையில் இருக்கின்றன.